மும்பையும் கினிப்பன்றியும்

மும்பை மாநகரத்துக்கும் கினிப்பன்றி என்னும் சாதுவான பிராணிக்கும் ஏற்பட்ட சம்பந்தம், செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளில் குழந்தைகள் பிடிவாதம் பிடித்து இரண்டு கினிப்பன்றிகளைக் கூண்டும் தட்டுமாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் இந்நாளில் தொடங்கியதன்று. நூறு ஆண்டுகளுக்கு வெகு முன்பே, இந்நகரத்து ஜனங்கள் பிளேக்குக்கு அஞ்சி வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிய ஒரு காலத்தில், அவர்கள் காலிசெய்துபோன அறைகளுக்குள் குடிவைக்கப்பட்டவை கினிப்பன்றிகள். அந்தக் கதையை அறிந்துகொண்டு இப்பிராணியை வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. ஏனெனில் ஆராய்ச்சிக்காரர்கள் இதை ஏன் விரும்பினார்கள் என்பதற்கும், வீட்டில் இதை எப்படிப் போஷிக்கவேண்டும் என்பதற்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தானியக் கிடங்குகள் நிறைந்த மாண்ட்வி வட்டாரத்தில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர் தாம் பார்த்த நோயாளிகளைப் பீடித்திருப்பது பிளேக்தான் என்று கண்டு சொன்னார். சில மாதங்களுக்குள் நகரம் பாதி காலியாயிற்று. ஒடெஸ்ஸாவில் பிறந்த வால்டெமார் ஹாஃப்கின், பைகுல்லாவிலுள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பு மருந்தைத் தயாரித்து, 1897 ஜனவரி 10-ஆம் தேதி அதைத் தம் தேகத்திலேயே செலுத்திப் பார்த்தார். 1899-ல் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் பரேலுக்கு வந்தது. பம்பாய்க் கவர்னர்கள் வசித்துவந்து, 1882-ல் ஒரு கவர்னரின் மனைவி அங்கேயே காலராவுக்கு இரையானபின் கைவிட்டுப்போன பழைய மாளிகை அதற்கு ஒதுக்கப்பட்டது. ஹாஃப்கின் ஸ்தாபனம் இன்றும் அந்த மாளிகையில்தான் இருக்கிறது.

மருந்து கிடைத்தது, ஆனால் நோய் எவ்வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகிறது என்பது விளங்கவில்லை. மண்ணின் கெட்ட ஆவி என்றும், அழுக்கேறிய தரை என்றும், நோயாளியின் துணி என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்லி, அதற்கேற்ப வீடுகளை மருந்துநீரால் அலசியும், கூரையைப் பிரித்தும், தட்டுமுட்டுச் சாமான்களைக் கொளுத்தியும் சர்க்கார் செய்த அமர்க்களம், ஜனங்களுக்கு நோயைவிடப் பெரிய பீதியாயிற்று. 1898-ல் கராச்சியில் பால்-லூயி சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமந்து செல்கிறது என்று சோதித்துச் சொன்னார். எலி செத்து உடல் ஆறியவுடன் தெள்ளு இறங்கி வேறு இரத்தம் தேடுகிறது என்பது அவர் கருத்து. அதைப் பெரியவர்கள் பொருட்படுத்தவில்லை. பம்பாயில் உத்தியோகத்திலிருந்த கிளென் லிஸ்டன் என்னும் வைத்திய அதிகாரியோ, மிருகக்காட்சிசாலையில் பிளேக் கண்டு மடிந்த கினிப்பன்றிகளின் ரோமத்தில் எலித்தெள்ளுகள் ஏறியிருந்ததைக் கவனித்து, அதை மனத்தில் வைத்துக்கொண்டார். கினிப்பன்றி பிளேக்குக்கு எளிதில் இலக்காகும் பிராணி. எலி அகப்படாத தெள்ளு அதன்மேல் கூசாமல் ஏறிக்கொள்ளும். ஆகவே நோய் கண்ட வீடுகளின் காலி அறைகளில் கினிப்பன்றிகளை அவிழ்த்துவிட்டுப் பின்னர் பிடித்துப் பார்த்தார். அவை உலாவும் தெள்ளுப்பொறிகளாகவே பயன்பட்டன.

1905-ல் நியமிக்கப்பட்ட பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் இதைப் பரேலில் வெகு நேர்த்தியாக முடித்துவைத்தார்கள். அந்தப் பரிசோதனையின் எளிமையைச் சற்று நின்று ரசிக்கலாம். நோய் கண்ட அறை ஒன்றில் இரண்டு கூண்டுகளை வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கினிப்பன்றி. ஒரு கூண்டைத் தெள்ளு நுழையமுடியாத மெல்லிய கம்பிவலையால் மூடியிருக்கிறார்கள், மற்றதை மூடவில்லை. காற்று இரண்டுக்கும் ஒன்றே. தரையும் மண்ணும் ஒன்றே. ஆவி என்று ஒன்று உண்டானால் அதுவும் ஒன்றே. திறந்த கூண்டிலுள்ளதற்கு நோய் வருகிறது. வலைக்குள் இருப்பதற்கு வருவதில்லை. பிறகு, இதற்கென்றே கட்டிய சிறு அறைகளில் கூண்டுகளின் உயரத்தை மாற்றிப் பார்க்கிறார்கள்: தரையில் ஓடித் திரிபவை நோயுறுகின்றன, தரைக்கு 2 அங்குலம் மேலே உள்ளவையும் தப்புவதில்லை, 2 அடி உயரத்தில் தொங்குபவை தப்பிவிடுகின்றன. தெள்ளின் தாவல் அவ்வளவு உயரம் எட்டாது என்பதே காரணம். தெள்ளு இல்லாத அறையில் நோயுற்றவற்றோடு ஆரோக்கியமானவற்றைக் கலந்து, சுத்தம் செய்யாத தரையில், அசுத்தப்பட்ட ஆகாரத்தையே தின்னவிட்டாலும் நோய் பரவவில்லை; பிளேக் கண்ட தாயிடம் பால் குடித்த குட்டிக்கும் வரவில்லை. மண்ணைப் பற்றியும் ஆவியைப் பற்றியும் ஆண்டுக்கணக்காக நடந்த வாதம் சில கூண்டுகளால் தீர்ந்தது. கூண்டுக்குள் இருந்த ஜீவன்களுக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே பிளேக்கின் விளைவாக 1898-ல் சட்டம் செய்து நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட், தென்பகுதியின் நெரிசலிலிருந்து ஜனங்களை வடக்கே காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் குடியமர்த்துவதற்காகத் தாதர், மாட்டுங்கா, சயான் நிலங்களில் அகன்ற வீதிகளை வகுத்தது. அந்த வீதிகளில்தான் 1920, 1930-களில் நம்மவர்கள் டைப்ரைட்டிங் சுருக்கெழுத்துப் பரீட்சைச் சான்றிதழ்களோடு வந்து வாடகைக்குக் குடியேறி, கோயிலும் சபாவும் காப்பிக்கடையுமாக ஒரு சிறு தென்னாட்டை உண்டாக்கினார்கள். மாட்டுங்காவைக் கினிப்பன்றி உண்டாக்கிற்று என்று சொன்னால் மிகை. ஆனால் மாட்டுங்காவை உண்டாக்கிய பயத்துக்கு விளக்கம் கிடைத்ததில் அதற்குப் பங்குண்டு.

இனிப் பிராணியின் சுபாவத்தைப் பார்ப்போம். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில், குளிர்ந்த மேட்டுப் புல்வெளிகளில் சிறு கூட்டங்களாக மேய்ந்து திரிந்த ஒரு காட்டு இனத்தை அந்நாட்டுக் குடியானவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கி, சமையலறைத் தரையில் வளர்த்தார்கள். கொஞ்சுவதற்காக அன்று, உண்பதற்காக. பெரு நாட்டில் இன்றும் அது விருந்துணவு. 16-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனபின்தான் பிரபுக்களின் மடியில் இடம் கிடைத்தது. எலியும் அணிலும் சேர்ந்த கொறிப்பனக் குலத்தைச் சேர்ந்ததாயினும், எலியின் துணிச்சலோ அணிலின் சாமர்த்தியமோ இதற்கில்லை; கடிக்கத் துணியாது, சுவரேறத் தெரியாது. அபாயம் என்று தோன்றினால் இதற்குத் தெரிந்தவை இரண்டே உபாயங்கள்: ஓடி ஒளிவது, அல்லது அசையாமல் கல்லாய்ச் சமைவது. மேலேயிருந்து வரும் கையை இது பருந்தென்றே கருதுகிறது. குழந்தைகள் ஆவலோடு மேலிருந்து கவ்வித் தூக்கும்போது அது மூச்சடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ‘எவ்வளவு சமர்த்தாக இருக்கிறது!’ என்று பெற்றோர் மகிழ்வதுண்டு. அது சமர்த்தன்று, பயம். தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் கையை நீட்டி, கொத்தமல்லித் தழை ஒன்றைக் காட்டுவதே முறை. பயம் தெளிந்த கினிப்பன்றி, நின்ற இடத்திலேயே நான்கு காலும் தரையை விட்டெழ எண்ணெயில் விழுந்த கடுகைப்போலத் துள்ளும். ஃபிரிஜ் கதவு திறக்கும் ஓசை கேட்டால் ‘வீக், வீக்’ என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கூவும். இந்தக் கூவல், குட்டி தாயை அழைக்கும் குரலின் இனத்தைச் சேர்ந்தது. மனிதரிடம் அது இதைப் பிரயோகிப்பது, நம்மை ஆகாரத்தோடு சம்பந்தப்படுத்திப் புரிந்துகொண்டதற்கு அடையாளம்.

கூட்டத்தில் வாழப் பிறந்த பிராணி ஆதலால் ஒன்றை மட்டும் வளர்க்கலாகாது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்து நோர்பெர்ட் ஸாக்ஸரும் அவருடைய சகாக்களும், கினிப்பன்றியைப் பழக்கமில்லாத இடத்தில் விட்டு, கலவரத்தின்போது இரத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் என்ற சுரப்பை அளந்தார்கள். பழகிய துணை அருகிலிருந்தால் அதன் ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. முன்பின் அறியாத கினிப்பன்றி அருகிலிருந்து பிரயோஜனமில்லை. அதாவது இதற்கு வேண்டுவது ஏதோ ஒரு துணையன்று, சிநேகிதம் கண்ட துணை. ஸ்விட்ஸர்லாந்தில் 2008-ல் அமலுக்கு வந்த மிருகப் பாதுகாப்பு விதிகள் கினிப்பன்றியைத் தனியே வளர்ப்பதைத் தடுக்கின்றன. நாம் எவ்வளவு மடியில் வைத்துக் கொஞ்சினாலும், பள்ளிக்கூடமும் ஆபீசும் போகிற பத்து மணிநேரம் அதற்குப் பேச்சுத்துணை மற்றொரு கினிப்பன்றிதான். முயலை அதற்குத் துணையாக விடுவது கூடாது. முயலின் சுவாசப் பாதையில் சாதுவாகத் தங்கியிருக்கும் ஒரு வகைக் கிருமி கினிப்பன்றிக்குக் கடுமையான மார்ச்சளி நோயைக் கொடுக்கவல்லது.

ஜோடி என்றவுடன் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று கருதிக்கொள்வது நம் மனத்தின் இயல்பு. இங்கே அது விபரீதத்தில் முடியும். பெண் குட்டி பிறந்து ஒரு மாதத்திலேயே கருத்தரிக்கும் பருவத்தை அடையக்கூடும்; ஆண் குட்டியை 3 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிடச் சொல்கிறார்கள். கர்ப்பகாலம் 59 முதல் 72 நாட்கள். எலிக்குட்டிபோல ரோமமில்லாமல் கண்மூடிப் பிறப்பதில்லை. முழு ரோமத்தோடும் பற்களோடும், திறந்த கண்களோடும் பிறந்து, மறுநாளே புல்லைக் கடித்துப் பார்க்கும். அவ்வளவு வளர்ந்த குட்டி வெளிவருவதற்குத் தாயின் இடுப்பெலும்பின் முன்பக்கப் பொருத்து விரிந்துகொடுக்க வேண்டும். முதல் பிரசவம் 6, 7 மாத வயதுக்குள் நிகழாவிட்டால் அப்பொருத்து இறுகிப்போய், பின்னால் வரும் கர்ப்பம் தாயின் உயிருக்கே உலையாகலாம். பிரசவித்த சில மணிநேரத்துக்குள் மறுபடி கருத்தரிக்கவும் கூடும். ஆகையால் இரண்டு பெண்களோ, சிறு வயது முதல் சேர்ந்து வளர்ந்த இரண்டு ஆண்களோ, அல்லது விதையடித்த ஓர் ஆணும் ஒரு பெண்ணுமோதான் வீட்டுக்கு உகந்த ஜோடி. கிராஃபர்டு மார்க்கெட்டின் பிராணிக் கடைவரிசையில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து வைத்துக்கொண்டு, ‘இரண்டும் பெண்தான்’ என்று உறுதி கூறுகிறவர் சொல்லைக் கேட்டு வருவதைவிட, வீடு மாறுகிறவர்களோ வளர்க்க முடியாமற்போனவர்களோ கொடுக்கும் இரண்டை எடுத்துக்கொள்வது எனக்கு உசிதமாகப் படுகிறது: அவற்றின் வயது தெரியும், பால் தெரியும், ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் தெரியும். பிராணிக் கடைகள் மாநிலப் பிராணி நல வாரியத்தில் பதிவு பெறவேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வாங்கத்தான் வேண்டுமென்போர் அந்தப் பதிவையாவது கேட்டுப் பார்க்கட்டும்.

ஆகாரத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் பரிசோதனைக்கூடம் மறுபடியும் குறுக்கிடுகிறது. 1907-ல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல்காரர்களைப் பீடித்த ஒருவகை பெரிபெரி நோயை ஆராயும் எண்ணத்தோடு கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தையே கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த நோய் வரவில்லை. ஈறு வீங்கி, எலும்பு நைந்து, நூற்றாண்டுகளாக மாலுமிகளைக் கொன்றுவந்த ஸ்கர்வி வந்தது. எலியைப் பிடித்திருந்தால் இது நிகழ்ந்திராது; ஏனெனில் எலி, பூனை, ஆடு, மாடு எல்லாம் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே சர்க்கரையிலிருந்து சமைத்துக்கொள்கின்றன. அச்சமையலின் கடைசிப் படிக்கு வேண்டிய என்சைம் ஒன்று, மனிதருக்கும் குரங்குகளுக்கும் இல்லை, கினிப்பன்றிக்கும் இல்லை. எங்கோ பிரிந்துபோன இரண்டு வம்சங்களில் ஒரே ஜீன் தனித்தனியே பழுதாகியிருக்கிறது. அந்தக் குறையின் ஒற்றுமையால்தான் 1932-ல் சென்ட்-ஜியோர்ஜி, ஸ்விர்பெலி என்ற விஞ்ஞானிகள் தம்மிடமிருந்த அமிலம் வைட்டமின் சி-தான் என்று கினிப்பன்றியைக் கொண்டு நிரூபிக்க முடிந்தது. வீட்டில் வளர்ப்பவருக்கு இதன் பொருள் என்னவென்றால், கிலோ எடைக்குத் தினம் 10 மில்லிகிராமும், சினையாயிருந்தால் 30 மில்லிகிராமும் வைட்டமின் சி ஆகாரத்திலிருந்தே கிடைத்தாக வேண்டும். தவறினால் இரண்டு மூன்று வாரங்களில் மூட்டு வீங்கி, நடக்க மாட்டாமல் மூலையில் முடங்கும். கடையில் விற்கும் குளிகைத் தீனியில் அது சேர்க்கப்பட்டிருந்தாலும், தயாராகிச் சில மாதங்களில் சிதைந்துவிடும். மும்பையின் ஈரக்காற்றில் திறந்துவைத்த பொட்டலத்தில் இன்னும் சீக்கிரம். இதற்கு மருந்துக்கடைக்குப் போகவேண்டாம். ஒரு துண்டு குடைமிளகாய், இரண்டு கொத்து மல்லித்தழை, வாரத்தில் சில நாள் விரல்நுனி அளவு கொய்யாவோ நெல்லிக்காயோ போதும். பசலை, பாலக் இவற்றை அடிக்கடி கொடுத்தால் மூத்திரப்பையில் கல் சேரக்கூடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு, பிஸ்கட் எதுவும் ஆகாது.

இவையெல்லாம் தொடுகறி; சாப்பாடு என்பது புல்தான். கினிப்பன்றியின் 20 பற்களும் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அது புல்லிதழ் ஒன்றை ஓரமாகக் கவ்வி, கையால் தொடாமலே, தாடை முன்னும் பின்னும் ஓட அரைத்து அரைத்து உள்ளே இழுத்துக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பற்களைத் தேய்க்கும் வேலை எப்படி நடக்கிறதென்று விளங்கும். நாரில்லாத மெத்தென்ற தீனியே கிடைத்தால் கடைவாய்ப் பற்கள் உள்நோக்கி வளர்ந்து நாக்கின்மேல் வளைவாகக் கவிந்து, தட்டு நிறைய ஆகாரமிருந்தும் விழுங்கமுடியாமல் பட்டினியால் சாகும். ஆகையால் உலர்ந்த புல் இரவும் பகலும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். வெளிநாட்டுத் திமோத்தி புல் பொட்டலமாக வருகிறது, விலை அதிகம். மாட்டுங்காவில் கோயிலைச் சுற்றியுள்ள பூக்கடைகளில் வாழையிலைக்கும் துளசிக்கும் பக்கத்தில் பிள்ளையாருக்கென்று கட்டுக்கட்டாக வைத்திருக்கும் அறுகம்புல், இதற்கு மிகப் பொருத்தமான பச்சைத்தீனி. நன்றாக அலசி, ஈரம் உலர்த்திக் கொடுக்கவேண்டும். நெல் வைக்கோலில் சத்துக் குறைவு. தன் எச்சத்தில் மென்மையான ஒரு வகையை அது குனிந்து நேரே வாயில் வாங்கித் தின்பதைக் கண்டு அருவருக்க வேண்டாம். பெருங்குடலின் பைக்குள் கிருமிகள் உண்டாக்கிக் கொடுத்த புரதத்தையும் பி வைட்டமின்களையும் இரண்டாம் முறை செரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

உஷ்ணம்தான் இந்நகரத்தில் பெரிய எதிரி. 1780-களில் பாரிஸில் லவாஸியேயும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் கினிப்பன்றியை வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகுகிறதென்று அளந்து, சுவாசம் என்பது ஒரு மெதுவான எரிதலே என்று கண்டார்கள். அச்சூடு இந்தச் சிறு உடலிலிருந்து வெளியேறியாக வேண்டும். ஆனால் இதற்கு வியர்ப்பதில்லை, நாய்போல நாக்கை நீட்டி மூச்சிரைத்து ஆற்றிக்கொள்ளவும் தெரியாது. 18 முதல் 24 டிகிரி வரை சுகம். 30 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே அபாயம். மும்பையில் மே மாதமும் அக்டோபரும் அதைத் தாண்டியவை. ஈரத்துணி, ஈரப்பானை முதலிய நம் ஊர் உபாயங்கள் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கும் இக்கடற்கரையில் அவ்வளவாகப் பலிக்கமாட்டா. ஆவியாகாத நீர் எதையும் குளிரச் செய்யாது. மின்விசிறிக் காற்று அறைக்குள் சுழன்றாலும், துணிசுற்றிய பனிக்கட்டிப் புட்டி ஒன்று படுக்கைக்கு அருகே இருந்தாலும் பலன் உண்டு. தாராவியில் தகரக்கூரையின் கீழ் மாடித்தட்டுப் போட்ட வீடுகளில், வெப்பம் மேலே ஏறித் தங்குமாதலால் கூண்டு கீழ்த்தட்டில்தான் இருக்கவேண்டும். ஆனால் கீழ்த்தட்டிலோ பெருச்சாளி வரும். நெருங்கிய கம்பிவலையும் உறுதியான தாழ்ப்பாளும் இல்லாவிட்டால் இரவில் நேர்வதைச் சொல்லவேண்டியதில்லை. அங்குள்ள கும்பார்வாடாக் குயவர்களிடம் கனத்த மண்தட்டு இரண்டும், பக்கவாட்டில் சாய்த்துவைத்தால் குகையாகும்படியான அகன்றவாய்ப் பானை இரண்டும் வாங்கிக்கொள்வது, பிளாஸ்டிக் வீட்டைவிட மேல். எதையும் இரண்டாக வாங்கவேண்டும். ஒரே பானைக்கு இரண்டும் போட்டியிட்டால் பலவீனமானது வெளியே நிற்கும். மழைக்காலத்தில் விரிப்புத் துணியைத் தினம் மாற்றாவிட்டால் படர்தாமரை பிடிக்கும். அது வீட்டாருக்கும் தொற்றும்.

வியாதி வந்தால் இந்தப் பிராணி அதைக் கடைசிவரை மறைக்கும். கூட்டத்தில் நோஞ்சானாகத் தெரிவதே மேட்டுநிலத்தில் மரணத்துக்கு அழைப்பு. ஆகவே சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைப்பதே நம்பத்தக்க சோதனை. வளர்ந்ததன் எடை 700 முதல் 1,200 கிராம் வரை. ஒரு நாள் முழுதும் தின்னாதிருந்தால் குடல் நின்றுவிடும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று காத்திருத்தல் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, வீட்டு அலமாரியில் மீந்திருக்கும் அமாக்ஸிஸிலின் மாத்திரையைப் பொடித்து ஊட்டலாகாது. பெனிசிலின் உலகத்தையே வியப்பிலாழ்த்திய 1943-லேயே, அது கினிப்பன்றிக்கு விஷம் என்பதும் தெரியவந்தது: அதன் பெருங்குடலில் புல்லைச் செரிப்பிக்கும் கிருமிகள் அம்மருந்தால் மடிய, அவ்விடத்தை விஷக்கிருமிகள் பற்றிக்கொண்டு சில நாட்களில் கொன்றுவிடுகின்றன. நாயையும் பூனையையும் மட்டுமே பார்த்துப் பழகிய வைத்தியருக்கு இது சட்டென்று நினைவுக்கு வராமற்போகலாம்; ஆதலால் அவர் சீட்டு எழுதும்போதே, இது பெனிசிலின் இனமா என்று ஒருமுறை கேட்டுவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.